ஒரு கிடாயா, ரெண்டு கிடாயா

வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு ஆட்டு வியாபாரி எங்கள் வீட்டு வாசலில் நின்று, "ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டார். அதுவரை எல்லாம் ஒழுங்காகப் போவதாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

என் அத்தை, அதாவது அத்தா என்று நான் கூப்பிடும் என் அப்பாவின் தங்கை, தலைப்பிரசவத்துக்கு உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து பிள்ளை பெற்றிருந்தாள். ஏழாம் நாள் பிள்ளைக்கு முடியிறக்கி, பெயர் வைத்து, கிடாய் அறுப்பது எங்கள் முஸ்லிம் வீடுகளில் வழக்கம். ஆண் என்றால் இரண்டு, பெண் என்றால் ஒன்று. எட்டு வயதில் எனக்கே தெரிந்த இந்தக் கணக்கு அன்று அத்தாவுக்கு மறந்துபோனது போலிருந்தது. "பொறவு சொல்றேன்" என்று கதவைச் சாத்தினார். அம்மாவிடம் தாழ்ந்த குரலில், "மதுரையில டாக்டரு முடிவு பண்ணிருவாக" என்றார்.

ஆட்டின் எண்ணிக்கையைச் சொல்ல மதுரையில் ஒரு டாக்டர் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். உதவும் எண்ணத்தில், வியாபாரி போய் உட்கார்ந்திருந்த டீக்கடைக்கு ஓடி, அதை அவரிடமும் சொல்லிவிட்டேன்.

"ஏத்தா, ஆட்டுக்கு எதுக்குத்தா டாக்டரு?" என்றார் அவர். கடையே சிரித்தது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க ஒரே பேச்சு. அத்தா பதறிப்போய் மறுநாள் காலைக்கே கார் சொல்லிவிட்டார்.

பிறந்தது ஆணுடல், பெண்ணுடல் என்று வகுக்க முடியாத இடைப்பால் குழந்தை என்பதும், நோய் எதுவும் இல்லாத அந்த உடம்பை அறுத்துப் பெண்ணாக்கிவிடலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள் என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

காலையில் கார் வந்தது. அத்தை பிள்ளையோடு அறைக்குள் தாழிட்டுக்கொண்டாள்.

"பால் குடிக்கிது, நல்லாத் தூங்குது. எதுக்குண்ணே வெட்டணும்? பெரிசாகி, அதுவா வேணும்னா அப்பப் பாத்துக்கிரட்டும்."

"ஊரு என்ன பேசும், கழுத?"

"ஊரா பால் குடுக்குது?"

இன்று தமிழ்நாட்டில், உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய, பச்சைக் குழந்தைகளுக்கு அப்படிச் செய்யத் தடை இருக்கிறது. அன்று இருந்தது ஒரு தாழ்ப்பாளும் அத்தையின் வாயும்தான். இன்று நானும் ஒரு தாய்; டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிடுகிறவள். அந்தக் கதவுக்குப் பின்னால் நான் இருந்திருந்தால், அது திறந்திருக்கும். அந்தப் பிள்ளை வளர்ந்து, தான் யார் என்பதைத் தானே சொல்லிக்கொண்டு, கம்பத்தில் துணிக்கடை வைத்து நன்றாக இருக்கிறது. எனக்குப் பெருநாள் துணி அங்கிருந்துதான் வருகிறது.

கார்க்காரர் இரண்டாம் முறை ஹார்ன் அடித்தபோது வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. குமுளி ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்த மாமா, அத்தையின் கணவர், தெருப்பேச்சு அங்கே வரை எட்டிவிட்டதால், இரண்டு கிடாய்களை இழுத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"அறுக்கிறதுக்கு இதுக இருக்கு மச்சான். எம்புள்ளைய விட்ருங்க."

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அத்தா கார்க்காரரைப் போகச் சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"ரெண்டுனா ஆம்பளப் புள்ளையா மாமா?" என்று கேட்டேன்.

"அது எம்புள்ள, ஆத்தா. அம்புட்டுத்தான்."

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத மாமா என்று நினைத்துக்கொண்டேன்.