கரித்தூளுக்குப் பயந்த மாமியாரும் என் தங்கை மணிமொழியும்

என் தங்கை மணிமொழி கல்யாணத்துக்கு முன் காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைத்தவள். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்தோல் உரியும். வாய் திறக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது தலையணையைக் கடித்து அழுதாள் என்றால் அது எப்பேர்ப்பட்ட வலி? இதை யோசிக்கும் மூளை அந்த வீட்டில் ஒருவருக்கும் இல்லை.

மாமியார் பட்டம்மாளுக்குக் கரித்தூள் பயம். மகன் குமரவேல் மைன்ஸில் வேலை பார்ப்பதால் வீட்டுக் காற்றெல்லாம் கரியாம். ஒவ்வொரு தடவையும் பால் கொடுக்கும் முன் மார்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வைத்தார். பிள்ளையின் துணியை மட்டும் கரி படியும் கொடியில் காயப்போடும் மகாராசி அவர்.

காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது.

"நாங்கல்லாம் பெத்து வளக்கலியா? வலிக்குது வலிக்குதுன்னு சொல்லிகினு இருந்தா புள்ள வயிறு ரொம்புமா? டேய் குமரவேலு, பால்பவுடர் டப்பா வாங்கியா!"

அந்த மனிதரும் உடனே செருப்பை மாட்டினார்.

பிள்ளை பார்க்கப் போயிருந்த என் கையை மணிமொழி பிடித்தாள். "டப்பா வேணாம்க்கா. நானே குடுக்கணும்."

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நர்ஸ் அகிலா பால் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார்.

"மொதல்ல சோப்ப நிறுத்தும்மா, தோல் காஞ்சி வெடிக்குது. குளிக்கிற தண்ணியே போதும். பாப்பா வெறும் காம்ப மட்டும் கடிச்சிகினு இருக்கு, அதான் உயிர் போவுது."

வெடுக்கென்று இழுக்காமல், பிள்ளையின் கடைவாயில் சுண்டுவிரலை விட்டுப் பிடியைத் தளர்த்தி எடுக்க வைத்தார். பிள்ளையின் வயிறு தாய் வயிற்றோடு ஒட்ட, மூக்கு காம்புக்கு நேராக வரும்படி மாற்றிப் பிடிக்க வைத்தார். அது வாயைப் பெரிதாகத் திறந்ததும் சட்டென்று அணைக்கச் சொன்னார். கருவட்டத்தின் கீழ்ப்பக்கம் வாய்க்குள் போனது. தாடை மார்பில் பதிந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மணிமொழி மெல்ல மூச்சு விட்டாள். "அக்கா, இழுக்குது. ஆனா கடிக்கல."

"வெடிப்பு ஆற நாளாவும். குடுத்து முடிச்சதும் ரெண்டு சொட்டுப் பாலையே தடவிக் காயவிடு. ஜுரம் வந்தாலோ மார்பு செவந்து கட்டினாலோ ஒடனே வந்துடு."

வீட்டில் குமரவேல் டப்பாவோடு நின்றார். பட்டம்மாள் வெந்நீர் வைத்திருந்தார். மணிமொழி உட்கார்ந்து, நர்ஸ் சொல்லிக் கொடுத்த மாதிரியே பிள்ளையை அணைத்துக்கொண்டாள். அழவில்லை.

"அத்த, வெந்நி ஆறிடப்போவுது. ஒங்க புள்ளைக்குக் கலக்கிக் குடுங்க. அவருக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு."

குமரவேல் டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். அம்மா ஏவாமல் அவர் செய்து நான் பார்த்த முதல் காரியம் அது.