கீரைப் பாத்திக்கு வந்த கிருமிகள்

சித்தியின் உள்ளங்கையில் கிடந்த அந்த முளைக்கீரை நாற்று இன்னும் கண்ணில் நிற்கிறது. இலை கரும்பச்சையாகச் செழித்திருந்தது. வேர் பழுப்பேறி, நூலாய் இற்றுப்போயிருந்தது. "மேல ராஜா மாதிரி கீது, கீய இன்னா கீது பாரு நைனா" என்றாள்.

அது உலகப்போர் நடந்த சண்டைக்காலம். விளைச்சலைப் பெருக்கச் சர்க்கார் கொடுத்த வெள்ளை உப்பு உரத்தைச் சைதாப்பேட்டை ஆற்றங்கரைத் தோட்டக்காரர்கள் அள்ளிப் போட்டார்கள். அதன் தழைச்சத்தில் இலை ஓங்கியது; கூடவே வேரழுகலும் பரவியது. சித்தப்பா இறந்தபின் சித்திதான் அந்தக் குத்தகை நிலத்தைப் பார்த்துவந்தாள். செங்கல் சூளைக்காரர் ஒருவர் அதன்மேல் கண் வைத்திருந்தார். அடுத்த விதைப்பும் அழுகினால் காலி செய்துவிட வேண்டும் என்று நிலக்காரர் சொல்லிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்போது மண் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் உதவியாளன். எங்கள் ஆபீசர், வேரை அழுகவைக்கும் பூஞ்சையை அடக்கும் கிருமி ஒன்றை மண்ணிலிருந்தே பிரித்தெடுத்து, தொட்டிக் கோதுமையில் சோதித்துக்கொண்டிருந்தார். கிருமி சேர்த்த தொட்டிகளில் வேர் வெள்ளைவெளேரென்று இருந்தது. சித்தியின் கதையைக் கேட்டு ஒரு சீசா கொடுத்தனுப்பினார். "நல்ல கிருமிப்பா இது. தண்ணியில கலந்து பாத்தியில ஊத்தச் சொல்லு."

அப்படியே சொன்னேன். "கிருமியில இன்னாடா நல்லது கெட்டது? உங்க ஆபீசரு பொண்ணு பாக்கப் போனாரா?" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

கீரை முளைத்தது, விரல் உயரம் வருவதற்குள் பாத்தி பாத்தியாகச் சாய்ந்தது. ஆபீசரே நேரில் வந்து, எப்படி ஊற்றினாய் அம்மா என்று கேட்டார்.

"நல்லா தளதளன்னு காச்சி, ஆற வச்சுத்தான் ஊத்தினேன் சாமி. மைலாப்பூருல கொயந்தைங்க துன்ற கீரையாச்சே."

முந்தின வருஷம்தான் அவளுடைய ஒரே மகளைக் காலரா கொண்டுபோயிருந்தது. கிருமி உள்ள தண்ணீரைக் காய்ச்சாமல் தொடாதே என்று சுகாதாரக்காரர்கள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். சாவுக்குப் பிறகு வந்த அந்தப் பேச்சை அவள் ஒருநாளும் மீறவில்லை.

காய்ச்சியதில் கிருமி செத்துவிட்டது என்று ஆபீசர் அவளிடம் சொல்லவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தார்.

இப்போது அங்கே சூளை புகைகிறது. சித்தி அதே மண்ணை மிதித்துப் பிசைந்து கூலி வாங்குகிறாள். சீசா மருந்து பலிக்கவில்லை என்றுதான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.