திராட்சை வைத்த பீட்சா

காணாத ஊரை வருணிப்பதும் உண்ணாத உணவைப் புகழ்வதும் பேச்சாளருக்கு விலக்கப்பட்டவை அல்ல என்று ஏழாம் வகுப்பிலேயே நான் முடிவு செய்திருந்தேன். அவைக்குச் சென்று சேர வேண்டியது சொல்லின் சுவைதானே தவிர, சோற்றின் சுவை அன்று. உத்தமபாளையத்தில் நான் படித்த பள்ளியில் இந்தக் கொள்கையை மறுக்க ஒருவரும் இல்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்து, சென்னையிலிருந்து ஒருத்தி வந்து சேரும் வரை அப்படித்தான் இருந்தது.

அவள் தன் மாமா வீட்டில் தங்கிப் படிக்க வந்திருந்தாள். ஆண்டின் நடுவில் ஏன் வந்தாள், அம்மா எங்கே என்றெல்லாம் நான் விசாரித்ததில்லை. எனக்கு அவள் எதிரணி. எதிரணியின் வாதத்தைப் பற்றி அறிந்தால் போதும் என்பது என் எண்ணம்.

வாழச் சிறந்தது நகரமா, கிராமமா என்று வகுப்பில் விவாதம் வைத்தார் தமிழாசிரியை. நன்றாகப் பேசுபவரைத் தேனியில் நடக்கும் மாவட்டப் போட்டிக்கு அனுப்புவதாகவும், இடம் ஒன்றே ஒன்றுதான் என்றும் முன்னதாகவே சொல்லிவிட்டார். நகரத்தையே பார்த்திராத நான் நகரத்துக்காகப் பேசினேன். நகரத்திலேயே பிறந்த அவள் கிராமத்துக்காகப் பேசினாள். தொலைக்காட்சி விளம்பரத்தில் கண்ட பீட்சாவை நான் அன்று துணைக்கு அழைத்தேன். ஆவி பறக்கும் ரொட்டியின் மேல் பாலாடைக்கட்டி உருகி நூல்நூலாய் நீள்வதையும், நாவில் அது கரைவதையும் வருணித்தபோது பின்வரிசையில் எச்சில் விழுங்கும் ஓசை எனக்குக் கேட்டது.

அவள் எழுந்து, குரலை உயர்த்தாமல், நீ அதைச் சாப்பிட்டிருக்கிறாயா என்று மட்டும் கேட்டாள். மேடையில் தயங்கியவள் தோற்றவள் என்றே நான் கற்றிருந்தேன். ஆகவே தயங்கவில்லை. எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை செய்கிறோம் என்றேன். வகுப்பு கைதட்டியது. அவள் தட்டவில்லை. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வது பொய்ச்சாட்சி, அதை வாதமாக ஏற்கக் கூடாது என்று ஆசிரியையிடம் சொன்னாள்.

ஆசிரியை இருவரையும் பார்த்துச் சிரித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: வெள்ளிக்கிழமை மதியம் நான் அந்தப் பீட்சாவைக் கொண்டுவர வேண்டும், வகுப்பில் என்னைத் தவிர அதைத் தின்றவள் அவள் ஒருத்திதான் என்பதால் அவளே தின்று பார்த்துச் சொல்ல வேண்டும், அது பீட்சாதான் என்றால் தேனிக்கு நான், இல்லையென்றால் அவள்.

வீட்டில் நான் பாதி உண்மையைச் சொன்னேன். டீச்சர் பீட்சா செய்து எடுத்துவரச் சொன்னார் என்றேன். மாதாந்திர விருந்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதைக் கொண்டுபோனால்தான் தேனிக்குப் போக முடியும் என்றதும், அம்மா மறுபேச்சுப் பேசாமல் படம் இருக்கிறதா என்று கேட்டார். வார இதழோடு வந்த சமையல் இணைப்பு ஒன்றைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்தேன். அதில் கண்ட பொருள்களில் முக்கால்வாசி எங்கள் கடைவீதியில் கிடைக்காது. மீதியில் பாதி எங்கள் கைக்கு எட்டாது. அம்மா அந்தப் பட்டியலைத் தம் அடுக்களைக்கு ஏற்பத் திருத்தி எழுதினார். குடைமிளகாய்க்குப் பச்சைமிளகாய். தக்காளிச் சாற்றுக்கு வீட்டுத் தொக்கு. ஓவன் என்னும் அடுப்புப் பெட்டிக்குப் பழைய குக்கர். அடியில் முல்லையாற்று மணலைப் பரப்பி, விசிலைக் கழற்றிவிட்டு மூடுவதாக ஏற்பாடு. மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டில் ஒரு கரண்டியை, ரொட்டிக்கடை மாஸ்டர் தாளில் மடித்துக் கொடுத்தார்.

பாலாடைக்கட்டிதான் பெரும் இடர். எலுமிச்சை பிழிந்து பாலைத் திரியவைத்து, துணியில் கட்டிப் பிழிந்தார் அம்மா. அது உதிர்ந்ததே தவிர நீளவில்லை. நூல் வராவிட்டால் என் வருணனை பொய்த்துவிடும் என்று நான் அழுததைப் பார்த்து, மறுநாள் அத்தா, அதாவது என் தகப்பனார், கம்பம் கடைவீதியிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கட்டி வாங்கி வந்தார். தேங்காய்த் துருவலைப் போல அதைப் பார்த்துப் பார்த்துத் துருவினார்கள்.

எஞ்சியது படத்தில் இருந்த கறுப்பு வளையங்கள். அவை என்னவென்று இணைப்பில் எழுதியிருந்த இடம் எண்ணெய் பட்டு அழிந்திருந்தது. அத்தா அனுமந்தன்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் பழம் கட்டும் வேலையில் இருந்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கொத்தைத் தரம் பார்க்கும் கண்ணால் பார்த்தார்.

"நம்ம கறுப்புத் திராட்சைதான் இது. கொட்டைய எடுத்துட்டு வட்டமா அரிஞ்சு வச்சிருக்காக. பட்டணத்துல அம்புட்டு மதிப்பு நம்ம பழத்துக்கு, பாத்துக்க ஆத்தா."

அந்த வளையம் ஆலிவ் என்னும் உவர்ப்புக் காய் என்பது நான் கல்லூரிக்குப் போன பிறகே தெரியவந்தது. அன்று எங்கள் மூவருக்கும் ஐயமே இல்லை. பெட்டியில் அடுக்கும்போது கொத்திலிருந்து உதிரும் பழங்களை அத்தா ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். அம்மா ஒவ்வொன்றையும் குறுக்கே அரிந்து, ஊக்கின் முனையால் விதையை நெம்பி எடுத்தார். விரல் நுனிகள் ஊதா நிறமேறிப்போயின.

முதல் ரொட்டி அடியில் கருகியது. இரண்டாவது தேறியது. ஆறினால் பாலாடைக்கட்டி இறுகிவிடும் என்பதைக் கண்டுகொண்ட அம்மா, வெள்ளியன்று மதியம் தாமே சூடாகக் கொண்டுவருவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். காரணத்தைச் சொல்ல முடியாததால் என் வாதம் எடுபடவில்லை.

அம்மா வந்தார். தட்டின் மேல் தட்டைக் கவிழ்த்துத் துணியில் கட்டி, வெயிலில் நடந்தே வந்திருந்தார். புர்காவின் கைப்பகுதியில் மைதா ஒட்டியிருந்தது. ஆசிரியை வரவேற்றுவிட்டு, மாதாமாதம் செய்வீர்களாமே என்று கேட்டார். அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். நான் கரும்பலகையைப் பார்த்தேன்.

"நேரம் வாய்க்கிறப்ப செய்யுறதுதான் டீச்சர்," என்றார் அம்மா.

துணியை அவிழ்த்ததும் வகுப்பே மேசையைச் சூழ்ந்துகொண்டது. ஆசிரியை ஒரு துண்டை அரிந்து அவளிடம் கொடுத்தார். உண்மையாகவே ஒரு நூல் நீண்டு அறுந்தது. அவள் துண்டைக் கடிக்கவில்லை. கறுப்பு வளையம் ஒன்றை விரலால் எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் உதடு பிரிந்தது.

அவள் அஞ்சுவதாக அம்மா எண்ணிக்கொண்டார் போலும். முகத்திரையை உயர்த்திவிட்டு அவளருகே குனிந்தார்.

"கொட்டையெல்லாம் எடுத்தாச்சு ஆத்தா. பயப்படாமத் தின்னு."

அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தட்டின் விளிம்பைப் பற்றியிருந்த ஊதா விரல்களைப் பார்த்தாள். அந்த வளையத்தை வாயில் போட்டு மென்றாள். பிறகு ரொட்டியைக் கடித்தாள். நெடுநேரம் மென்றதாக எனக்குத் தோன்றியது.

"இதுதான் டீச்சர். சென்னையிலயும் இப்படித்தான் போடுவாங்க."

அந்த ஒரு வாக்கியத்தை அத்தா அடுத்த ஒரு வாரம் தோட்டம் முழுவதும் சொல்லித் திரிந்தார். எனக்கோ அது வேறொரு வாக்கியமாகக் கேட்டது: எதிரணி தன் வாதத்தைத் திரும்பப் பெறுகிறது. தேனிக்கு நான் என்று ஆசிரியை அறிவித்தார். இம்முறை அவளும் கைதட்டினாள். எதிரணியைச் சான்றுகளால் வாயடைக்கச் செய்துவிட்டேன் என்று நிமிர்ந்து நின்றேன்.

எல்லோருக்கும் ஆளுக்கொரு விள்ளல் கிடைத்தது. காரத் தொக்கோடு இனிப்புப் பழம் சேர்ந்தது பலருக்குப் பிடிக்கவில்லை. திராட்சைகளைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். ஆசிரியையிடம் விடைபெற்ற அம்மா, தட்டை எடுத்துப்போக மேசையை நோக்கி வந்துகொண்டிருந்தார். அதற்குள் அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்த ஓரத்துத் திராட்சைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றுகூட மீதம் வைக்காமல் தின்று முடித்தாள்.

அவளுக்குத் திராட்சை மிகவும் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தேனியில் எந்த வாக்கியத்தோடு தொடங்கினால் அவை கைதட்டும் என்று நான் யோசிக்கத் தொடங்கினேன்.