ஒற்றைக் கோடு

அந்த பேரிங் கம்பெனியில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் அவள் ‘ஒத்தக்கோடு அக்கா’. வெளிநாட்டுக்குப் போகிற சரக்குக்குக் காகிதம் தயாரிப்பது அவள் வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், வாங்குகிறவர் இதை எதற்குப் பயன்படுத்தப் போகிறார் என்ற உறுதிச் சான்று, இன்னும் என்னென்னவோ. எழுத்துப் பிழையை ஒயிட்னர் பூசி மறைக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“ஒரே ஒரு கோடு போட்டு அடிங்க. முதல்ல என்ன எழுதினீங்கன்னு அடியில படிக்கத் தெரியணும். பக்கத்துல சின்னக் கையெழுத்து. மனுஷன்னா தப்பு வரும், அதை மறைச்சா திருட்டுத்தனம்.”

இருபத்தாறு வருஷமாக இதே பாட்டு. புதிதாக வந்த மேனேஜரே முதல் வாரத்தில் இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு பேனாவை எடுக்கும்போதெல்லாம் அவள் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

மாடியில் ஒற்றை அறை, வாடகைக்கு. அம்மா இருந்தவரை இரண்டு கட்டில்களிலும் ஆள் இருந்தது. இப்போது ஒன்றில் துவைத்த துணி கிடக்கிறது. தம்பி ஒருவன் வேறு ஊரில் இருக்கிறான். போன் செய்து “அக்கா, நல்லாருக்கியா?” என்பான், அவள் வாயைத் திறப்பதற்குள் தன் காரியத்துக்குப் போய்விடுவான். சனிக்கிழமை மதியம் ஆபீஸை விட்டு இறங்கினால் திங்கட்கிழமை காலைவரை அவள் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே இருந்துவிடுவது உண்டு. வாட்ச்மேனுக்கு வணக்கம் சொல்லும்போது குரல் கரகரவென்று வரும். ஜலதோஷம் என்று அவரும் நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

ஆனால் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு போன் வரும். வாரம் முழுக்க அதற்குத்தான் காத்திருப்பாள் என்று சொன்னால் தப்பில்லை.

அழைப்பவர் தூரத்து நாடொன்றில் மாவு மில்களுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கும் கம்பெனியின் ஸ்டோர்க்காரர். தாத்தா காலத்தில் அங்கே போய்க் குடியேறிய குடும்பம், மொழி மட்டும் விட்டுப்போகவில்லை. மனைவி போன பிறகு அந்த மொழியில் பேச அவருக்கு அங்கே ஒரு ஜீவன் இல்லை. பழக்கம் தொடங்கியது என்னவோ சண்டையில்தான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சரக்கு துருப்பிடித்துப் போய்ச் சேர்ந்தது.

“துருவை அனுப்பிட்டு என்னா பேச்சு பேசுறீங்க!”

“இங்கேருந்து பளபளன்னுதான் போச்சு. உங்க ஊர்க் கடல்ல முக்கி எடுத்தீங்களோ என்னமோ!”

மறுவாரம் அவரே துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். சோதனைக்காரர்கள் பேரிங்குகளின் எண்ணெய்க் காகிதத்தைக் கிழித்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். உப்புக் காற்று மிச்ச வேலையைப் பார்த்துவிட்டது. “தப்பு உங்க மேல இல்லம்மா” என்று போன் செய்தவர், வழியும் சொன்னார். ஒவ்வொரு மரப்பெட்டியிலும் மேலே, வலது மூலையில், ஒரே ஒரு பேரிங்கை எண்ணெய்க் காகிதம் இல்லாமல் துணியில் சுற்றி வைக்க வேண்டும். திறக்கிறவன் அதைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுவான். விட்டும்விட்டான். வேறு எந்த வாடிக்கையாளரும் இப்படிக் கேட்டதில்லை. மஞ்சள் துணி வாங்கி, அளவாக வெட்டி, அவளே மேஜை இழுப்பறையில் அடுக்கி வைத்திருப்பாள்.

அவர் அவளைத் தங்கச்சி என்றார், அவள் அண்ணே என்றாள். அம்மா போன அன்று, தம்பி வந்து சேர்வதற்கு முன்பே அவர் போன் வந்துவிட்டது. அவளுடைய ரத்தக்கொதிப்பு மாத்திரையின் பெயர்கூட அவருக்குத் தெரியும்.

பிறகு ஒரு நாள் அண்ணன் இருக்கிற நாட்டின் படை எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுக்குள் புகுந்தது. பாதியாகப் பிளந்து நின்ற ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தை டிவியில் காட்டினார்கள். மூன்றாவது மாடியில் ஒரு சமையலறை, சுவர் இல்லை, தட்டுகள் மட்டும் அலமாரியில் அடுக்கினபடியே இருந்தன. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பத்தே நாளில் பல நாடுகள் ஒன்றுகூடி அந்த நாட்டோடு வியாபாரம் கிடையாது என்று அறிவித்தன. மில் சக்கரத்தைச் சுற்ற வைக்கிற பேரிங்தானே டாங்கியையும் ஓட வைக்கிறது? மேனேஜர் கூப்பிட்டு, “ஒரு ஆணிகூடப் போகக்கூடாது. போன்ல பேசறதும் கூடாது” என்றார். சரிதான் என்றுதான் அவளும் நினைத்தாள். கடைசி வியாழக்கிழமை அவளே சொன்னாள்.

“இனிமே கூப்பிடாதீங்கண்ணே. கம்பெனி உத்தரவு.”

“சண்டைக்குப் போனது நானா தங்கச்சி?”

“நீங்க இல்லண்ணே. எனக்குத் தெரியாதா?”

“சரிம்மா. மாத்திரைய மறந்துடாத.”

அதோடு சரி, எட்டு மாதம். வியாழக்கிழமைகளில் பதினொரு மணிக்குக் கழிப்பறைக்குப் போய் நின்றுகொள்வாள். சும்மா இருக்கிற போனைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒன்பதாவது மாதம் வேறொரு நாட்டிலிருந்து புதுக் கம்பெனி ஒன்றின் ஆர்டர் வந்தது. விவசாய இயந்திர உதிரிப் பாகம் என்று உறுதிச் சான்று ஒழுங்காகக் கையெழுத்தாகியிருந்தது. நான்கு பெட்டி. வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம், மேனேஜருக்கு முகமெல்லாம் பல். பேக்கிங் குறிப்புகளை வாசித்துக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் நின்றாள். ஒவ்வொரு பெட்டியிலும் மேலே, வலது மூலையில், ஒரு பேரிங், எண்ணெய்க் காகிதம் இல்லாமல், துணியில் சுற்றி.

முதலில் வந்தது சந்தோஷம். அதை நினைத்துப் பிறகு அவள் கூசிப்போனாள், ஆனால் வந்தது சந்தோஷம்தான். அண்ணன் இருக்கிறார், நன்றாக இருக்கிறார்!

அப்புறம்தான் அளவைப் பார்த்தாள். விரல்நுனி அளவுக்குச் சின்ன, மிகத் துல்லியமான பேரிங். எந்த மாவு மில்லிலும் எந்த டிராக்டரிலும் இதற்கு வேலை கிடையாது. அரசாங்கம் அனுப்பிய கட்டுப்பாட்டுப் பட்டியலில் இந்த அளவுக்கு நேராக ஏவுகணை என்று போட்டிருந்தது. ஆக, சரக்கு புதுக் கம்பெனியின் பெயரில் போய், சுற்றி வளைத்துப் பழைய இடத்துக்கே போகப் போகிறது.

இரண்டு நாள் அந்தக் காகிதம் இழுப்பறையில், மஞ்சள் துணிகளுக்கு மேலேயே கிடந்தது. பேசாமல் இருந்தால் ஈ காக்கைக்குத் தெரியாது. சொன்னால் அந்த வரியை எழுதியது யார் என்று கேட்பார்கள். அவள் அண்ணே என்று கூப்பிட்ட ஒரே மனிதரை அவளே காட்டிக்கொடுக்க வேண்டும். அவருக்கு அங்கே என்ன ஆகுமோ. ஆனால் கண்ணை மூடினால் சுவரில்லாத அந்தச் சமையலறை வந்தது. மூன்றாம் நாள் மேனேஜர் அறைக்குப் போனாள்.

“ஒரு துண்டுத் துணிய வச்சா சொல்றீங்க அக்கா?”

“இந்த உலகத்துலயே ரெண்டு பேருக்குத்தான் சார் அந்தப் பழக்கம். ஒருத்தி நான்.”

அதிகாரிகள் விசாரித்தார்கள். விவசாயக் கம்பெனியின் முகவரியில் சலூனுக்கு மேலே பூட்டிய அறை ஒன்றுதான் இருந்தது. சரக்கு நின்றது. மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார், கை தட்டினார்கள். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு கேள்வி மட்டும் அவளைப் பிடுங்கித் தின்றது. கை பழகிய வேகத்தில் அந்த வரியை எழுதிவிட்டாரா? இல்லை, இதைப் படிக்கப் போவது யார் என்று தெரிந்தே, நிறுத்து தங்கச்சி என்று சொல்லத்தான் எழுதினாரா? அவரைத்தான் கேட்க வேண்டும், கேட்க முடியாது.

செவ்வாய்க்கிழமை ஓர் அதிகாரி வாக்குமூலம் வாங்க வந்தார். மரியாதையான ஆள். படிவத்தை அவளே நிரப்பினாள். அந்த நபரை எவ்வளவு காலமாகத் தெரியும்? பதினெட்டு வருடங்கள். நேரில் சந்தித்ததுண்டா? இல்லை. உறவு? அண்ணன்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். “கூடப் பொறந்தவரா மேடம்?”

“இல்ல.”

“அப்போ வாடிக்கையாளர்னு போட்ருங்க. இருங்க, வேற ஃபாரம் தர்றேன்.”

“வேணாம் சார்” என்றாள். குரல் கரகரத்தது. “இதுலயே அடிச்சுக்கிறேன்.”

ஒரே ஒரு கோடு போட்டாள். மேலே வாடிக்கையாளர் என்று எழுதினாள். அடியில் அண்ணன் என்பது படிக்கத் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, பக்கத்தில் தன் சின்னக் கையெழுத்தைப் போட்டாள்.