வலை மட்டும் போகவில்லை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பில் மேசன் வேலை, கட்டாரில் சுவருக்குப் பெயின்ட், பிறகு நாவற்குடாவில் ஒரு வாடகை அறை. நீர்வர்ணத்தை எவரும் சொல்லித் தரவில்லை. போனில் பார்த்தும் தாள்களைப் பாழாக்கியும் பழகியது.

காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர் புது வீட்டு ஹோலுக்கு வாவிப் படம் கேட்டிருந்தார். “உசிருள்ள உருவம் ஒண்டும் வேணாம் மனே. பறவையும் வேணாம்.” அன்று பின்னேரம் அவர் அதை எடுக்காவிட்டால் மறுநாள் காலை, கட்டட வேலைக்கு ஆள் ஏற்றும் கொந்தராத்துக்காரரின் லொறியில் கொழும்புக்கு, மறுபடி சீமெந்து. லொறிக்கு வருவதாக அவருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

கையிலிருந்தது கடைசிப் பருத்தித் தாள். வானம், நீர், கண்டல் மரங்கள் எல்லாம் சரியாக வந்தன. அந்த மகிழ்ச்சியில் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. தோணியில் ஒரு மீனவரை நிறுத்தி, அவர் வீசிய வலையையும் விரித்துவிட்டேன். தூரிகையைக் கழுவும்போதுதான் ஹாஜியார் சொன்னது நினைவுக்கு வந்தது.

ஈரத் தூரிகையால் தேய்த்து, பஞ்சால் ஒற்றி, ஆளையும் தோணியையும் எடுத்தேன். மண்ணிறம் கழன்று வந்தது. வலைக்குப் போட்ட கருநீலம் தாளுக்குள் ஊறிவிடும் சாயம். இன்னும் தேய்த்தால் தாள் பிய்ந்துவிடும். வலைக்குக் கீழே தண்ணீரில் இரண்டு கம்புகளை நட்டு, அதைக் காயப்போட்ட வலையாக்கினேன். பின்னேரம் கொண்டுபோனேன்.

ஹாஜியார் படத்தைச் சுவரில் சாய்த்துவைத்து, குந்தியிருந்து பார்த்தார். அவர் விரல் வலையில் வந்து நின்றது.

“இது என்ன மனே?”

“வலை காயுது, ஹாஜியார்.”

“எங்கட வாப்பா வலை வீசித்தான் எங்கள வளத்த. வீச்சுவலைய ஆராவது இப்படி வட்டமாக் காயப்போடுவானா? இது இப்பதான் கையில இருந்து போகுது. வீசின ஆள் எங்க?”

“மறந்து ஒரு ஆளையும் கீறிட்டன். பிறகு கழுவிப்போட்டன்.”

“வலைய விட்டுட்டு ஓடிட்டானா? நல்ல மீன்காரன்!” உள்ளே அவர் மனைவி சிரித்தது கேட்டது. அவர் சிரிக்கவில்லை. “இந்தக் கம்பு பொய். இத நான் மாட்ட மாட்டன்.”

படத்தை எடுக்கக் குனிந்தேன்.

“எங்க போறாய்? தண்ணி நல்லாத்தான் வந்திருக்கு. நாளைக்குக் காலையில வா. வாப்பா வலை வீசின துறையக் காட்டுறன். அங்க இருந்து வேற ஒண்டு கீறு.”

“தாள் முடிஞ்சுது, ஹாஜியார்.”

அவர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். “பின்பக்கம் வெள்ளையாத்தானே கிடக்கு?”

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே கொந்தராத்துக்காரருக்குப் போன் எடுத்தேன். லொறியில் எனக்கு இடம் வைக்க வேண்டாமென்றேன்.