தெற்குச் சுவரின் சூடு

வைகாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ராஜமாணிக்கம் மாமா ஓசூர் பஸ் ஏறினார். செவ்வாயில் எங்கள் தெருவில் யாரும் வெளியூர் கிளம்ப மாட்டார்கள். ஆனால் கோபத்தைப் புதன்கிழமைவரை தள்ளிப்போட அவருக்கு மனமில்லை. அவர் மனைவி அருணாதேவி அக்கா வாசலில் நின்று, மாத்திரை எடுத்துக்கொண்டாரா என்று மட்டும் கேட்டாள். அவர் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினார்.

சண்டைக்குக் காரணம் நான். சரியாகச் சொன்னால், என் முதுகு.

பல வருஷம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். வேங்கிக்காலில் அம்மா வீடு இருக்கிறது. தனி அறை, மூன்று வேளைச் சோறு. அதை விட்டுவிட்டு ஒரு ஆட்டோ பிடித்து வந்து, ரமணாசிரமத்துக்கு அருகே அக்கா வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியேறினேன். சொந்த ஊரில் டூரிஸ்டாக இருக்கவும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

அருணாதேவி அக்கா செங்கம் பக்கம் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை போடும் குடும்பத்துப் பெண். மாமா ரைஸ் மில்லில் மெக்கானிக்காக இருந்தவர். லீவு நாட்களில் அவரே இந்த மாடியைக் கட்டினார், அவரே வயர் இழுத்தார். அக்கா டார்ச் பிடித்தாள். அதன்பிறகு மாடியின் மூன்று அறைகளையும் அவள்தான் நடத்துகிறாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் வாளி, வெந்நீர், குரங்கு மூன்றையும் பற்றியது. குழாயை ஒழுங்காக மூடுகிறவர்கள் நல்லவர்கள் என்பது அவள் கணக்கு. யாராவது மலையைப் பார்த்துக் கண்கலங்கினால், கலங்கட்டும், ஆனால் ஜன்னலை மூடிக்கொண்டு கலங்கட்டும், குரங்கு வரும் என்பாள்.

என் அறைச் சுவரில் ஓரிடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. விடியற்காலையில் அதில் சாய்ந்து தியானம் செய்தால் முதுகுத்தண்டில் ஏதோ ஏறுவதுபோல் இருக்கும். மலையின் சக்தி என்று முடிவு செய்தேன். கரண்ட் போன நாட்களில் சுவர் ஆறிக் கிடந்தது. என் மனம் அலைபாய்ந்ததால் அப்படி என்று எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன். பக்கத்து அறையில் ராத்திரி முழுக்க ஏசி ஓடுவதையும் இந்தச் சூட்டையும் சேர்த்துப் பார்க்கும் அளவுக்கு எனக்கு ஞானம் முற்றவில்லை. சுவரில் பழுப்பாக ஒரு கறை படர்ந்தபோது அதற்கு விபூதிகூடப் பூசினேன்.

பெருக்க வந்த அக்கா விபூதியைத் துடைக்கக் கை வைத்தாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். நான் மலையைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன்.

"மலை வடக்கால கீது. நீ சாஞ்சினு இருந்தது தெக்கு செவுரு" என்று சொல்லிவிட்டு, கீழே போய் மெயினை அணைத்தாள்.

எலக்ட்ரீஷியன் கோபி வந்து பூச்சைக் கொத்தினான். உள்ளே ஒரு மரப்பெட்டி கரியாகிக் கிடந்தது. அதற்குள் கையால் முறுக்கிச் சேர்த்த வயர்கள். சுற்றியிருந்த டேப் அல்வாவாக உருகியிருந்தது. முறுக்கு நாளாக நாளாகத் தளர்ந்துபோகும், அதன் வழியாக ஏசி மாதிரிப் பெரிய லோடு ஓடினால் அந்த இடம் கொதிக்கும் என்றான் கோபி. வெளியே தெரிந்தால் அசிங்கமாக இருக்கும் என்று மாமா பெட்டியின்மேலேயே பூசி மறைத்திருந்தார். வீடு முழுக்க இப்படித்தான். எங்கெங்கே என்று அவருக்கு மட்டுமே தெரியும்.

பெட்டிகள் எங்கே என்று அக்கா மாமாவிடம் கேட்டாள். தன் கையால் முறுக்கியது இருபது வருஷமாக நிற்கிறது என்றார் மாமா. அக்கா மறுபடியும் கேட்டாள். நம்பிக்கை இல்லாத வீட்டில் தனக்கு என்ன வேலை என்று, ஓசூரில் இருக்கும் மகன் பிரசாத் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

பழைய லைனை அப்படியே விட்டுவிட்டு, சுவருக்கு வெளியே பிளாஸ்டிக் பட்டி அடித்து அதற்குள் புது வயர் இழுத்துவிடலாம் என்றான் கோபி. அக்கா ஒப்பவில்லை.

"அவரு இல்லாதப்ப மாத்தினா, அப்புறம் இது அவரு ஊடு இல்ல கோபி. திரும்பி வரவே மாட்டாரு. எங்கெங்க கீதுன்னு அவரு வாயால சொல்லட்டும்."

மாடிக்கு வரும் லைனை மட்டும் அவனை வைத்துக் கழற்றினாள். கீழேயும் மிக்ஸி, அயர்ன்பாக்ஸ் எல்லாம் மூட்டை கட்டப்பட்டன. ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு, அவ்வளவுதான். துணி தேய்க்கத் தெருமுனை, மாவு அரைக்கக் கடை. நான் கீழே அவள் வீட்டுக்குள்ளேயே பாய் போட்டுக்கொண்டேன். அம்மா வீட்டுக்குப் போகலாம்தான். ஆனால் என் முதுகு கிளப்பிய விவகாரம், பாதியில் விட்டுப் போக வெட்கமாக இருந்தது. தினமும் எல்லாச் சுவரையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். பார்த்தவர்கள் என் தியானம் முற்றிவிட்டதாக நினைத்திருக்கலாம். நான் தேடியது பெட்டியை. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு ஊரே நிறைந்து வழிந்தது. மொட்டைமாடியில் பாய் விரித்தவர்களிடமும் வாடகை வாங்கினார்கள். அறை கேட்டு வந்தவர்களையெல்லாம் அக்கா திருப்பி அனுப்பினாள். வருஷா வருஷம் வருகிற, குழாயை நன்றாக மூடுகிற ஜெர்மன்காரியையும் கைப்பிடித்துப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் விட்டாள். மாடி இருட்டாகவே இருந்தது. பிரசாத் போன் செய்து ஏன் என்று கேட்டான். காரணம் உங்கப்பாவுக்குத் தெரியும் என்று வைத்துவிட்டாள். வைத்தபிறகு வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மார்கழி பாதியில் வாட்ஸப்பில் குரல் செய்தி ஒன்று வந்தது. கோலமாவு படிந்த கையால் தொடாமல், என்னைப் போடச் சொன்னாள் அக்கா. முதலில் மாமா தொண்டையைச் செருமும் சத்தம். பின்னால் எங்கோ டிவி ஓடியது.

"அருணா, கோபிய வெச்சினு கேளு. மாடிப்படி திரும்புற எடத்துல, தோளு ஒசரத்துல ஒண்ணு. சமையக்கட்டுல பரணுக்குக் கீழ ஒண்ணு. நடு ரூம்ல கதவுக்கு மேல ஒண்ணு." டிவி சத்தம் நின்றது. "நீ படுக்கிற எடத்துல, தலமாட்டுக்கு மேல, ஒண்ணு கீது. அத மொதல்ல எடுக்கச் சொல்லு. நான் வர்ற வரைக்கும் அங்க படுக்காத."