ஆறு சிடியில் ஜெர்மன்

கம்பெனி என்னை ஜெர்மனிக்கு அனுப்புவதாகச் சொன்னதும் ஆறு சிடிகள் கொண்ட ஜெர்மன் பாடப்பெட்டி ஒன்றை வாங்கினேன். மூன்றாவது சிடியைப் போட்ட அன்றே ப்ராஜெக்ட் ரத்தாகிவிட்டது. என் ஜெர்மனும் அங்கேயே நின்றது. ரயில் நிலையம் எங்கே என்று கேட்கத் தெரியும். யாராவது பதில் சொன்னால் புரியாது.

சிகந்திராபாத் பக்கம் ஹப்சிகுடா வாடகை வீட்டில் அந்தப் பெட்டி புடவைகளுக்கு நடுவே கிடந்தது. "இத எப்பத்தான் எடுப்பீங்க?" என்று மனைவி மூன்றாம் முறை கேட்ட அன்று, வேண்டாத புத்தகம், பாட்டு, விளையாட்டு எல்லாவற்றையும் முன்பின் தெரியாதவர்களோடு மாற்றிக்கொள்ளும் இணையதளம் ஒன்றில் அதைப் போட்டேன். இரண்டே நாளில் மல்காஜ்கிரியிலிருந்து ஒருவர் எழுதினார். பதிலுக்கு ஒரு செஸ் விளையாட்டு சிடி தருவதாகச் சொன்னார். கூரியரில் மாற்றிக்கொண்டோம்.

வாரக்கடைசியில் போன் வந்தது.

"தம்பி, மூணாம் நம்பர் டப்பா காலியா இருக்கே. கைக்கு?" அந்த ஊர் உருதுவில் 'ஏன்' என்று கேட்டார் மல்காஜ்கிரிக்காரர்.

மூன்றாவது சிடியை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு எடுக்க மறந்திருந்தேன். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். சிகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர், மனைவி இல்லை. மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான். கல்யாணத்துக்கு முன் பெண்ணின் தாயார் இங்கே வருகிறார்.

"அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் வராதாம். சம்பந்தி வீட்டுக்கு வந்து ஊமை மாதிரி உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

அதன்பின் நாலு மாதம் அவர் எனக்குப் போன் செய்து ஜெர்மன் பேசினார். எனக்குத் தெரிந்த பதில் எல்லாம் இரண்டாவது சிடிக்குள் இருந்தது. அவர் ஆறாவதில் இருந்தார். "பரவால்ல தம்பி, உங்களுக்கு அஸ்திவாரம் கெட்டி" என்றார்.

மகன், பெண், பெண்ணின் தாயார் மூவரும் வந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். போனபோது மகனும் அந்தப் பெண்ணும் புடவை எடுக்கக் கடைக்குக் கிளம்பியிருந்தார்கள். அரை மணியில் வந்துவிடுவார்களாம். புடவைக் கடைக்குப் போனவர்கள் அரை மணியில் திரும்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கூடத்தில் நாங்கள் மூன்று பேர். அந்த அம்மாள் உயரமாக இருந்தார், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பெரியவர் எழுந்து நின்று, மனப்பாடம் செய்திருந்த வரவேற்பைச் சொன்னார். அந்த அம்மாள் தலையாட்டி ஏதோ நீளமாகப் பதில் சொன்னார். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஆறு சிடிகளிலும் அப்படி ஒரு வாக்கியம் கிடையாது.

மிக்சர் தட்டு இரண்டு முறை சுற்றி வந்தது. பெரியவரின் நெற்றி வியர்த்திருந்தது. நாலு மாத உழைப்பு இப்படிப் போவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று, எனக்குப் பிசகாமல் வரும் ஒரு வாக்கியத்தை ஜெர்மனில் அந்த அம்மாளிடம் சொன்னேன்.

"தயவுசெய்து, எனக்கு ஒரு பயணச்சீட்டு வேண்டும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. முகத்தில் இருந்த விருந்தாளிச் சிரிப்பு போய்விட்டது. சட்டென்று கேட்டார்: "போக மட்டுமா, போகவரவா?"

எனக்குப் புரிந்தது. "போகவர" என்றேன்.

"எந்த வகுப்பு?"

பெரியவர் பாய்ந்துவிட்டார். "இரண்டாம் வகுப்பு! ஜன்னல் ஓரம்!"

அந்த அம்மாள் டீப்பாயைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பழைய செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து எதையோ எழுதி, முத்திரை குத்துவதுபோல் முஷ்டியால் ஒரு குத்து குத்தி நீட்டினார். பெரியவர் தன் ஊரைச் சொன்னார், அந்த அம்மாள் எழுதினார். அவர் தன் ஊரைச் சொன்னார், பெரியவர் அங்கே போகும் வண்டிக்கு நேரம் கேட்டார். எந்த நடைமேடை, எங்கே வண்டி மாற வேண்டும், வண்டி தாமதமா என்று எல்லாமே பாடத்தில் இருந்தது.

புடவைப் பைகளோடு மகன் உள்ளே வந்தபோது டீப்பாய்க்கு முன்னால் பெரியவரும் நானும் வரிசையில் நின்றிருந்தோம்.

"என்னப்பா பண்றீங்க?"

"டிக்கெட் எடுக்கறோம்" என்றார் பெரியவர், திரும்பாமல்.

மகன்தான் விஷயத்தைச் சொன்னான். அந்த அம்மாள் ஒரு சின்ன ஊர் ரயில் நிலையத்தில் முப்பது வருடம் டிக்கெட் கொடுத்தவராம்.

"நீ ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலயேப்பா. அவங்களுக்கு இங்கிலீஷ் வருமான்னு மட்டும்தானே கேட்டீங்க?"

பெரியவர் உள்ளே போய், தான் ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் எடுத்த குரூப் போட்டோவைக் கொண்டுவந்து அந்த அம்மாளின் கையில் கொடுத்தார். இரண்டாவது வரிசையில் தன்னை விரலால் தொட்டுக் காட்டினார். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவரை மட்டுமல்ல, வரிசை வரிசையாக எல்லோரையும் நிதானமாகப் பார்த்தார்.

சாப்பாடு மூன்று மணிக்குத்தான் பரிமாறப்பட்டது.